தாடியும் தளமும்

ஜூன் 3, திங்கள்

மேடம் இன்று எனக்கு ஒரு டைரி கொடுத்தார். சிமென்ட் கம்பெனிக்காரர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து மே வரை ஒரே வெள்ளை. பின்னாளில் யாராவது எடுத்துப் பார்த்தால் அந்த ஐந்து மாதமும் நான் தூங்கிக்கொண்டிருந்ததாக நினைப்பார்கள். அதில் பெரிய தப்பும் இல்லை.

முதல் பக்கத்தில் விவரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பெயர் பவதாரணி. வயது பதினேழு. தொழில், யமுனா மேடத்தின் ஆபீஸில் டீ வாங்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, போன் அடித்தால் அதை எடுக்காமல் மேடத்தின் முகத்தைப் பார்ப்பது. படிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் லீவு போட்டேன். மறுநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டும் என்று கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்லியிருந்தார். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

மேடம் கட்டிட இன்ஜினியர். ஆனால் கட்டுவதை விட, கட்டி முடித்த பிறகு வரும் சண்டைகள்தான் அவரிடம் அதிகம் வருகின்றன. "ஏன் இவ்வளவு லேட்டு, யாரால் லேட்டு" என்று ஓனரும் காண்ட்ராக்டரும் மல்லுக்கு நின்றால், இரண்டு பேரும் சம்மதித்து மேடத்திடம் வருவார்கள். மேடம் பழைய போட்டோ, மெசேஜ், பில் எல்லாவற்றையும் கிளறி, எது எங்கே நின்றது என்று எழுதிக் கொடுப்பார். பிரேதப் பரிசோதனை மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. வெளியே நான் எதையுமே சொன்னதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எழுத ஒன்றும் நடக்கவில்லை. சர்க்கரை போடாத டீயை மேடத்துக்கும், சர்க்கரை போட்டதைச் சர்க்கரை வியாதிக்கார விருந்தாளிக்கும் கொடுத்துவிட்டேன். யாரும் சாகவில்லை.

ஜூன் 6, வியாழன்

பெரிய கேஸ். திருமூர்த்தி மலை ரோட்டில் புதிதாகக் கட்டிய நாச்சி மஹால். அதில் முதல் கல்யாணம் ஓனர் நாச்சிமுத்துவின் மகளுடையது என்று பத்திரிகையே அடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டது, மண்டபத்துக்கு ஜன்னல் வரவில்லை. கடைசியில், பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளியின் மண்டபத்தில் கல்யாணத்தை நடத்தினார்களாம்.

"பந்தியில வந்து நிக்கறானுங் மேடம்," என்றார் நாச்சிமுத்து. "என்ற சம்பந்திகிட்ட 'கூச்சப்படாம நல்லா சாப்புடுங்க'ங்கறான். அந்த எலையிலயே நான் செத்துப் போனனுங்."

காண்ட்ராக்டர் குழந்தைவேல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரைப் பார்க்காமல் பேச நாச்சிமுத்து சுவர்க் காலண்டரைப் பார்த்துப் பேசினார். குழந்தைவேலும் அதே காலண்டரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நான் என்னங்க பண்ணட்டும்? சென்ட்ரிங் மேஸ்திரி இழுத்துப் போட்டுட்டான். மேல் தளத்துக்கு முட்டுக் குடுத்துப் பலகை அடிக்கறதுக்குள்ள கார்த்திகை, மார்கழின்னு ஓட்டிட்டான். பலகை இல்லாம நான் கான்கிரீட்டை ஆகாசத்துலயா ஊத்த முடியும்? அவம் பேரை எழுதுங்க மேடம். இனி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன் அவனுக்கு வேலை குடுக்கக் கூடாது."

"எந்த மேஸ்திரி?"

"மகுடீஸ்வரன்னு ஒருத்தன்."

நான் டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன். மகுடீஸ்வரன் என்ற பெயரில் கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நாச்சி மஹாலுக்குச் சென்ட்ரிங் அடித்த மகுடீஸ்வரன் ஒருவர்தான், என் அண்ணன். நேற்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் பங்கு பஜ்ஜியையும் சேர்த்துத் தின்றார்.

ஜூன் 7, வெள்ளி

மேடத்திடம் சொல்லவில்லை. மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்திருக்கும்.

வேலை என் தலையில்தான் விழுந்தது. மேடத்தின் உதவியாளர் துபாய் போனதிலிருந்து ஆபீஸில் நான்தான் இரண்டாவது பெரிய ஆள். சைட்டில் எடுத்த போட்டோக்களை ஓனர், காண்ட்ராக்டர், சூப்பர்வைசர் என்று மூன்று பேரும் அனுப்பியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் கைமாறிக் கைமாறி வந்ததால் ஒவ்வொன்றிலும் போன வாரத் தேதியே காட்டுகிறது. அதாவது, அஸ்திவாரம் தோண்டியது, தளம் போட்டது, வெள்ளை அடித்தது எல்லாம் போன புதன்கிழமை ஒரே நாளில் நடந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் தாமதமே இல்லை. கேஸ் முடிந்தது.

"எது முன்னாடி, எது பின்னாடின்னு அடுக்கிக் குடு," என்றார் மேடம். "வாய் தெறக்காத வேலை. உனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

ஜூன் 8, சனி

அண்ணனிடம் கேஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும் எனக்குக் குரல் வரும்.

"எழுதுனா எழுதிட்டுப் போறாங்க போ," என்றான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"பேரு கெட்டா வேலை எவன்டா குடுப்பான்?" என்று அம்மா சத்தம் போட்டாள். அப்பா லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூர். அண்ணன் வேலைதான் வீட்டை ஓட்டுகிறது. என் சம்பளம் எனக்குச் சோப்பு வாங்கப் போதும்.

சாயங்காலம் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. "பவா, போய் மூடிட்டு வா" என்றான் அண்ணன். ஏணியில் ஏறியது நான்தான். ஊரெல்லாம் முட்டுக் கொடுக்கிறவன், சொந்த வீட்டு ஏணியில் கால் வைத்துப் பல மாதம் ஆகிறது. இவ்வளவு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. என்னைத் தவிர.

ஜூன் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! (ஆச்சரியக்குறியை இதுவரை பரீட்சைக்கு வெளியே பயன்படுத்தியதில்லை.)

நாச்சிமுத்து தினமும் காலையில் சைட்டுக்கு வந்து, மண்டபம் பின்னால் தெரியும்படி தன்னையே ஒரு படம் எடுத்துக்கொள்வார். சில படங்களில் வெள்ளை வேட்டி, மழித்த முகம். சில படங்களில் கருப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால், தாடி. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். கார்த்திகை முதல் தேதி போட்டார் என்று அவரே மேடத்திடம் போனில் சொன்னார். மகர ஜோதி பார்த்துவிட்டு வந்து தை மாதம்தான் கழற்றியிருக்கிறார்.

முள் முளைத்த மாதிரித் தாடி இருந்தால் கார்த்திகை. கன்னம் மறைந்தால் மார்கழி. மாலைக்கு மேல் தாடி வந்து படுத்துக்கொண்டால் பொங்கல் பக்கம். படங்களை எல்லாம் தாடி வாரியாக அடுக்கினேன். மண்டபம் வரிசையாக எழும்பி வந்தது. ஒரு பெரிய மனிதரின் முகத்தை இவ்வளவு நேரம் நான் நேருக்கு நேர் பார்த்தது இதுதான் முதல் தடவை. படமாக இருந்ததால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் தைரியமாகப் பார்த்தேன்.

மேடம் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது நிக்கும்," என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

தாடி வரிசையில் பார்த்தால் காண்ட்ராக்டர் சொன்னது பொய் இல்லை. ஐப்பசி முடிவில் தயாராக வேண்டிய பலகை, தாடி கன்னத்தை மூடிய பிறகும் பாதியில் நிற்கிறது. உத்திரங்களுக்கு அடியில் முட்டு இருக்கிறது, மேலே பலகை இல்லை.

அண்ணன் எல்லாப் படத்திலும் இருக்கிறான். கையில் டேப்போடு, கீழே, மணல் குவியல் பக்கத்தில், அண்ணாந்து பார்த்தபடி. அவன் ஆட்கள் மேலே இருக்கிறார்கள். அவன் ஒரு படத்தில்கூட மேலே இல்லை. மேஸ்திரி என்றால் கீழே நின்று அதட்டுவதுதான் வேலை போலிருக்கிறது.

ஒரு படத்தில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கியிருந்தான். அதை அழித்தேன். பிறகு குப்பையிலிருந்து மீட்டு வரிசையில் வைத்தேன். மறுபடி அழித்தேன். மறுபடி மீட்டேன். டீ ஆறிப்போனது. குற்றம் செய்யக்கூட எனக்கு ஒரே மூச்சில் வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

இன்று மேடம் சென்ட்ரிங் மேஸ்திரியின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று அவனை வரச் சொல்லியிருந்தார். நான் காலையிலேயே வயிற்று வலி என்று சொல்லிப் போய்விடத் திட்டமிட்டேன். சொல்வதற்கு வாய் வேண்டுமே. வாக்கியத்தை மனதில் சரிபண்ணிக்கொண்டு இருக்கும்போதே கதவு திறந்தது.

"பவா, மத்தியானச் சோத்தை மறந்து வெச்சுட்டு வந்துட்ட பாரு," என்று அண்ணன் தூக்குப்போசியை என் மேசைமேல் வைத்தான். அப்புறம் மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "மகுடீஸ்வரனுங்க. வரச் சொன்னீங்களாமா."

மேடம் தூக்குப்போசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மூன்றிலும் தூக்குப்போசிதான் நிமிர்ந்து நின்றது.

அவனிடம் கேட்டதற்கெல்லாம் "ஆள் வரலீங்க", "மழைங்க" என்றான்.

"மழையா? படத்துல புழுதியில்ல பறக்குது?"

"அப்ப சைட்டுல எல்லாரும் மழைன்னுதானுங்க சொன்னாங்க."

அவன் போன பிறகு மேடம் கதவைச் சாத்தினார்.

"உங்க அண்ணன்."

தலையாட்டினேன்.

"ஒரு வாரமா அவன் படத்தைத்தான் அடுக்கிட்டிருக்கே."

தலையாட்டினேன்.

"ஏதாச்சும் அழிச்சியா?"

தலையாட்டினேன். பிறகு இல்லை என்று ஆட்டினேன். பிறகு, "அழிச்சுட்டு திரும்ப வெச்சுட்டனுங்க," என்றேன். ஆபீஸில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் ஒரு ஒப்புதல் வாக்குமூலமாகப் போய்விட்டது.

மேடம் மூலப் படங்களை எடுத்து என் வரிசையோடு ஒன்றுவிடாமல் ஒத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வேற ஆள் இல்லாததால வெச்சுக்கறேன்," என்றார் கடைசியில். "உன் அண்ணன் யாருன்னு ரெண்டு பக்கத்துக்கும் இன்னிக்கே சொல்லிடுவேன். தப்பு அவன்மேலன்னு வந்தா, அதையும் நீதான் டைப் அடிக்கணும். சரியா?"

தலையாட்டினேன்.

ஜூன் 15, சனி

மழை இல்லை என்றால் சைட்டில் ஏன் எல்லாரும் மழை என்று சொன்னார்கள்? மேடத்துக்கு இதுதான் உறுத்தியது. கான்கிரீட் போட்ட நாளின் படங்களில் இரண்டு புது விஷயங்கள் இருந்தன. நாச்சிமுத்துவுக்குத் தாடி இல்லை. சமையல்காரர் ஒருவர் பெரிய அண்டாவில் பிரியாணி கிளறுகிறார்.

கான்கிரீட் கோஷ்டித் தலைவர் பேச்சிமுத்துவைப் பார்க்க, பழனி ரோட்டில் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனோம். கலவை மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"தளம் போடுற அன்னிக்கு மிஷினுக்கு ஒரு சேவல் அறுக்கணும்மா. ரத்தத்தை ஒரு சொட்டு வீல்ல விட்டுட்டு, அந்தக் கறியிலயே பிரியாணி. இதுல என்ன ரகசியம்? சின்ன வீடுன்னா எலுமிச்சம்பழத்துல முடிச்சுக்குவோம். இது மண்டபம். இருபதடிக்கு மேல ஒசரம். காவு குடுக்காம என் பயலுவ ஒருத்தன் ஏற மாட்டான்."

"அப்ப ஏன் தை வரைக்கும் போடல?"

"ஓனரு மாலை போட்டிருந்தாரே! அவரு எடத்துல எப்படி அறுக்க? குழந்தைவேல்ட்ட கார்த்திகையிலயே சொல்லிப்புட்டேன். சாமி மலைக்குப் போயிட்டு வரட்டும், நாங்க கேரளாவுல ஒரு வேலையப் பாத்துட்டு வாரோம்னு. அவரும் சரின்னுட்டாரு."

மேடத்துக்கு அந்த நேரம் போன் வந்தது, தள்ளிப் போனார். பேச்சிமுத்து என்னைப் பார்த்தார்.

"நீ மகுடு தங்கச்சில்லா? மூக்கு அப்படியே இருக்கு. ஒசரத்தைப் பத்தி அவன்ட்ட கேளு, சொல்லுவான். ஐப்பசியில, அந்த மண்டபத்துல நாங்க தூண் போட்டுக்கிட்டிருந்தப்ப, முட்டு நழுவி ஒத்தைக் கையில தொங்குனான்லா, நாங்கதான் ஏணி போட்டு எறக்குனோம். பாவம், எறங்குனவன் ரொம்ப நேரம் தரையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்."

ஐப்பசியில் அவன் முழங்கையில் கட்டோடு வந்தான். சைக்கிளில் விழுந்தேன் என்றான்.

மேடம் திரும்பி வந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். மூக்கைப் பற்றி என்றேன்.

ஜூன் 17, திங்கள்

மேடம் எளிமையாக ஒரு கணக்குச் சொன்னார். "நீ பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டாப் போறே. பஸ்ஸே ஒரு மணி நேரம் லேட்டு. ஊருக்கு லேட்டாப் போனதுக்கு நீ காரணமா?"

இல்லை என்று ஆட்டினேன்.

"உங்க அண்ணன் லேட்டுதான். அதை மறைக்க முடியாது. ஆனா மார்கழி பாதியில பலகை முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறமும் தளம் சும்மாத்தான் கெடந்துச்சு. சொன்னபடி ஐப்பசி கடைசியிலயே அவன் முடிச்சுக் குடுத்திருந்தாலும், கம்பி கட்டறதுக்குள்ள ஓனர் மாலை போட்டிருப்பாரு, தையிலதான் கான்கிரீட் விழுந்திருக்கும். மண்டபத்தை நிறுத்துனது சேவல்."

நான் வெளியே போய்க் கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். கண்ணில் தூசி. ஆபீஸுக்குள் புழுதி அதிகம்.

ஜூன் 19, புதன்

ரிப்போர்ட்டை டைப் அடித்தேன். ஒரு இடத்தில் மேடம் காலி விட்டிருந்தார்: "சென்ட்ரிங் வேலை தாமதமானதற்குக் காரணம்." நானே கேட்டு நிரப்ப வேண்டுமாம்.

வீட்டில் கேட்டேன். "ஆள் வரலைன்னு போடு," என்றான் அண்ணன், கண்ணாடியில் தலை சீவியபடி. நான் பேச்சிமுத்துவைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் சீவிய தலையையே மறுபடி சீவினான்.

"ஆட்கள் பற்றாக்குறை" என்று அடித்தேன். அண்ணன் மானம் தப்பியது, யாருக்கும் நஷ்டமில்லை. இன்று முழுவதும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

மேடம் எல்லாரையும் மண்டபத்துக்கே வரச் சொல்லியிருந்தார். மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து, குழந்தைவேல், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். அண்ணன் கடைசியில், வாசல் பக்கம். நான் லேப்டாப்பில் படத்தை மாற்றும் ஆள். பேச வேண்டியதில்லை என்று மேடம் சத்தியம் செய்திருந்தார்.

மேடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாச்சிமுத்து கையை உயர்த்தினார்.

"போட்டோவுல தேதியே இல்லீங்களே. எது எப்பன்னு யாரு சொன்னது?"

மேடம் என்னைக் காட்டினார். எல்லா நாற்காலியும் திரும்பின.

"நீயா அம்மிணி? எதை வெச்சுக் கண்டுபுடிச்ச?"

"தாடிங்க."

"எந்தத் தாடி?"

"உங்களுதுங்க."

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். நான் படத்தை மாற்றும் பொத்தானைப் பதற்றத்தில் அழுத்திக்கொண்டே இருந்துவிட்டேன். திரையில் நாச்சிமுத்துவின் தாடி கார்த்திகையிலிருந்து பொங்கல் வரை விறுவிறுவென்று வளர்ந்து, ஒரே நொடியில் மழிந்தது. மண்டபமே சிரித்தது. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

மேடம் சேவலைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார்.

"என்ற சாமி மேல பழியா?"

"சாமி மேல இல்லீங்க," என்றார் மேடம். "பிரியாணி மேல. அவங்க சேவல் இல்லாம ஏற மாட்டேன்னாங்க. இவரு அதை உங்ககிட்டக் கேக்காம, மழை மழைன்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் கம்முனு உக்காந்துட்டாரு."

குழந்தைவேலுக்கு வியர்த்தது. "மாலை போட்ட மனுசன்கிட்டப் போயி, சேவல் அறுக்கட்டுங்களான்னு எப்புடீங்க கேக்கறது? வாயி வருமுங்களா?"

"அட கெரகமே!" என்றார் நாச்சிமுத்து. "அந்த வேலிக்கு அந்தப் பக்கம் என்ற மச்சாந் தோட்டம். அங்க வெச்சு அறுத்து, அங்கயே ஆக்கித் தின்னுட்டு வாங்கடான்னு சொல்லியிருப்பனே! கேட்டியா நீயி? ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு சேவலுக்காவ என்ற புள்ள கல்யாணத்தை அந்தப் பங்காளி மண்டபத்துல வெச்சனேடா!"

அவர் குரல் உடைந்தது. பிறகு யாரும் எதிர்பாராமல் அவரே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். குழந்தைவேலும் சேர்ந்துகொண்டார். சண்டை முடியவில்லை, ஆனால் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டார்கள்.

அங்கேயே நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

குழந்தைவேல் திரும்பி, "மகுடு, இங்க வாப்பா," என்றார். "உன்னையத் தப்பாச் சொல்லிட்டேன். ஆளு பத்தலைன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஆள் புடிச்சுக் குடுத்திருப்பனே. போனது போகுது. பஞ்சாயத்துக்கு மேல்நிலைத் தொட்டி ஒண்ணு எடுத்திருக்கேன். மூணு மாடி ஒசரம் வரும். சென்ட்ரிங் மொத்தமும் உனக்குத்தான். இந்தத் தடவை நீயே மேல நின்னு பாத்துக்கோணும், தெரிஞ்சுதா?"

"செய்யறனுங்க," என்றான் அண்ணன்.

அவன் கையில் டீ டம்ளர் இருந்தது. டீ விளிம்பைத் தாண்டி அவன் விரலில் வழிந்துகொண்டிருந்தது. சூடான டீ. அவனுக்குத் தெரியவேயில்லை.

ஆள் பற்றாக்குறை என்று அடித்த அதே விரல்கள் என் மடியில் இருந்தன. அவன் மானத்தைக் காப்பாற்றி, நேராக மூன்றாவது மாடிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

"அண்ணன் ஏற மாட்டாருங்க."

யார் பேசியது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அம்மிணி?"

"ஆள் பத்தாக்குறைன்னு நான் தப்பா அடிச்சுட்டனுங்க. அண்ணன் ஐப்பசியில விழப் பாத்தாருங்க. அதுக்கப்புறம் ஒசரம் ஆகறதில்லீங்க. ஏறச் சொல்லாதீங்க."

அண்ணன் டம்ளரைத் தரையில் வைத்தான். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். பிறகு வெளியே போய்விட்டான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மேடம் என் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கி மூடினார்.

ஜூன் 25, செவ்வாய்

அண்ணன் பேசவில்லை.

ஜூன் 26, புதன்

அண்ணன் பேசவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புக் கரண்டியோடு நின்று, "என்னதான்டி ஆச்சு?" என்கிறாள். பதினேழு வருஷமாக வாய் திறக்காதவள், திறந்ததும் ஒரு குடும்பத்தையே மூடிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

மேடத்திடம் பொய்க் காரணத்துக்காகத் திட்டு வாங்கினேன். அரை மணி நேரத் திட்டு. கடைசியில், "திருத்தி அடி," என்றார். "பணியிடத்தில் நேர்ந்த விபத்துக்குப் பின் மேஸ்திரி உயரத்தில் ஏறவில்லை" என்று அடித்தேன். அச்சில் பார்த்தால் அவ்வளவு பயங்கரமாக இல்லை. அவமானமாகவும் இல்லை. காய்ச்சல் வந்தது, போனது என்பது மாதிரி ஒரு வரி.

ஜூன் 30, ஞாயிறு

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். நான் அந்தக் காலரைக் கிழியும் வரை தேய்த்தேன்.

"அவங்க முன்னாடி சொல்லிட்டியேன்னு கோவமில்ல எனக்கு," என்றான்.

நான் அடுத்த சட்டையை எடுத்து நனைத்தேன்.

"நீ சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு பவா. ஏழெட்டு மாசத்துல அன்னிக்குத்தான் மூச்சே வந்துச்சு. அப்புடி இருந்துச்சேன்னுதான் கோவம். ஆம்பளைக்கு, மேஸ்திரிக்கு, எல்லார் முன்னாடியும் அப்பாடான்னு இருந்துச்சு."

"தினமும் காலைல எப்புடிண்ணா போன?"

"போயி கீழ நிப்பேன். அளவு சரியில்ல, பலகையக் கழட்டுங்கடான்னு சொல்லுவேன். கழட்டி மாட்டற வரைக்கும் ஏற வேண்டியதில்லல்ல. அதுலதான் ஒரு மாசம் போச்சு."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. நான் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டேன். பார்த்தால் அவன் நிறுத்திவிடுவான்.

ஜூலை 5, வெள்ளி

குழந்தைவேல் வீட்டுக்கே வந்தார். அம்மா பதறிப் போய் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியைப் போட்டாள். "தொட்டிக்கு மேல் வேலைக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்," என்றார். "ஆனா அஸ்திவாரம் இருக்குதே, அது பன்னெண்டடி ஆழம். தொட்டியைத் தாங்கற கால் எல்லாம் அங்கிருந்துதான் கெளம்போணும். அங்க தப்பாச்சுன்னா மேல எவன் நின்னும் பிரயோசனமில்ல. கீழ எறங்கறதுக்கு ஒண்ணும் இல்லியே?"

"கீழ ஒண்ணும் இல்லீங்க," என்றான் அண்ணன்.

"கூலி கொஞ்சம் கம்மி வரும்."

"வரட்டுங்க."

ஜூலை 14, ஞாயிறு

அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேன். கிணறு மாதிரி ஒரு குழி. உள்ளே அண்ணன் பலகைகளுக்கு நடுவில், முழங்கால் வரை மண்ணோடு, ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தான். இப்போது எல்லாரும் அவனைச் சுற்றி ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள்.

விளிம்புக்குப் போய்க் குனிந்தேன். தலை சுற்றியது. சட்டென்று பின்னால் வந்துவிட்டேன்.

"என்ன பவா, எட்டிப் பாக்கவே பயமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "பயந்தாங்கொள்ளி!"

மறுபடி விளிம்புக்குப் போனேன். மண்டியிட்டு, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டினேன்.

"ஆமா, பயந்தான்! சோறு ஆறுது, மேல வா!"

குழிக்குள் அது இரண்டு தடவை எதிரொலித்தது. வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோட்டில் போன பால்காரர்கூட வண்டியை நிறுத்தினார். எனக்கு இவ்வளவு பெரிய குரல் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் ஓடிப்போய்ச் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சோற்றுத் தூக்கு விளிம்பிலேயே இருந்தது. அண்ணன் ஏணிப்படி ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி வந்து, தரைமட்டத்தில் தலை தெரிந்ததும், அதை எடுத்துக்கொண்டான்.